அறுகோணத் தடம்

பதினொரு நாள், பதின்மூன்று மணி, நாற்பத்தாறு நிமிடம், நாற்பது நொடி. நொடிக்கு ஒரு தேய்ப்பு என்றால் பத்து லட்சம் தேய்ப்புக்கு அவ்வளவு நேரம் ஆகும். நிஷிகாகி சிசாதோ அதைத் தன் வயதைச் சொல்வதுபோல யோசிக்காமல் சொன்னாள்.

"டிசம்பர் இருபத்திரண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். ஜனவரி மூணு காலைல மெஷின் தானா நின்னுது. நடுவுல நான் அந்த ஜெல்லைத் தொடவே இல்ல."

இகராஷி தொயோகோ எண்களைக் குறித்துக்கொண்டார். ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் உடைந்த அச்சுகளையும் தேய்ந்த பேரிங்குகளையும் பார்த்தவர் அவர். இப்போது சப்போரோவில், ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் இரண்டு அறைகள் வைத்திருந்தார். தேய்ந்த பொருளைப் பார்த்து அது ஏன் தேய்ந்தது, தவறு யாருடையது என்று சொல்வது தொழில். காப்பீட்டுக்காரர்கள் வருவார்கள், வக்கீல்கள் வருவார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை.

சிசாதோ சிறிய கண்ணாடிப் பெட்டியை மேஜையில் வைத்தாள். உள்ளே தண்ணீரில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு ஜெல் துண்டு. தேய்ந்த முழங்கால் குருத்தெலும்பு இருந்த இடத்தில் வைப்பதற்காக அவள் ஐந்து வருடம் உழைத்துச் செய்தது. அதன் நடுவில் மயிரிழை போல ஒரு பள்ளம்.

"பத்து லட்சம் தாங்கிச்சுன்னு எழுதினோம். இந்த ஜெல்லை வாங்கப்போற கம்பெனி அவங்க இடத்துல திரும்பச் செஞ்சு பாத்தாங்க. ஆறு லட்சத்துல கிழிஞ்சுபோச்சு. அப்புறம் எங்க துணைப் பேராசிரியர் ஒபாதா இந்தப் பள்ளத்தை அளந்தார். அஞ்சு லட்சம் தேய்ப்புக்கு உண்டான ஆழம்தான் இருக்காம்."

"அதனால பாதி வழியில நீங்க புதுத் துண்டை மாத்தி வெச்சிட்டீங்கன்னு சொல்றாங்க."

"ஆமா. இருபதாம் தேதி காலைல பத்து மணிக்கு விசாரணைக் குழு. பட்டம் கிடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு, காரணம் மட்டும்தான் எழுதணும்னு பேசிக்கிறாங்க."

அன்று பிப்ரவரி பன்னிரண்டு.

தேநீர் கொண்டுவந்த உதவியாளர் ஹொன்மாவுக்கு முப்பத்தொரு வயது. எந்த வழக்கையும் முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். "ஒபாதாதான், மேடம். அளந்ததும் அவர், சொன்னதும் அவர். துண்டை மாத்தினதும் அவராத்தான் இருக்கும்" என்றார்.

"தேநீரை முதல்ல கீழ வை. கொட்டுது."

சிசாதோ வரைபடத்தை விரித்தாள். உராய்வின் அளவு 141 மணி நேரம் ஒரே மட்டத்தில் ஓடியிருந்தது. பிறகு ஒரே நொடியில் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. அதன் பின் மெல்ல, ஒரு நடுக்கமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போய், பழைய மட்டத்தில் கால் பங்குக்கு வந்திருந்தது.

"இந்தச் சரிவு எப்ப?"

"டிசம்பர் இருபத்தெட்டு, மத்தியானம் மூணு மணி. அப்ப நான் ரயில்ல இருந்தேன். நெமுரோவுக்கு, அம்மாகிட்ட. 'புத்தாண்டுக்கு ஊருக்குப் போ, மெஷினை நான் பாத்துக்கறேன்'னு சென்செய் அனுப்பி வெச்சார். டிக்கெட்டை ஸ்டேஷன்ல வெளிய வரும்போது திருப்பி வாங்கிட்டாங்க. சாட்சியாக் காட்டக் கையில ஒண்ணும் இல்ல."

சென்செய் என்று அவள் சொன்னது ஆய்வகத் தலைவர் பேராசிரியர் குரோய்வாவை.

"சரிவைப் பாத்தப்ப என்ன நினைச்சீங்க?"

"ஜெல் மேல தண்ணி ஒரு மெல்லிய படலமா நின்னு தூக்கிப் பிடிக்குதுன்னு நினைச்சேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அழுதேன். சந்தோஷத்துல."

தொயோகோ கோட்டின் முனையில் விரலை வைத்தார். "பத்து லட்சம்னு எழுதியிருக்கு. கோடு ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரத்துல நிக்குதே?"

"கடைசி ரெண்டாயிரத்தை வெட்டிட்டேன். அரை மணி நேரம்தான். முடியற சமயத்துல வர்ற இரைச்சல்."

"யார் வெட்டச் சொன்னா?"

சிசாதோ தேநீர்க் கோப்பையை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தாள். "நானேதான்" என்றாள்.

"வெட்டாத கோப்பு இருக்கா?"

இருந்தது. கணினியைத் திறந்து காட்டினாள். ஜனவரி மூன்று காலை ஏழு இருபத்தொன்றுக்குக் கோடு சுவர்போல எழும்பியது. கடைசி இருபத்தைந்து நிமிடமும் அந்த உயரத்திலேயே ஓடி நின்றது.

"அப்ப ஜெல் கிழிய ஆரம்பிச்சிருக்கும்" என்றார் ஹொன்மா.

"கிழிஞ்சா கோடு எங்கயோ போகும். இது முதல் 141 மணி நேரம் எந்த மட்டத்துல இருந்துச்சோ, சரியா அதே மட்டத்துக்கு வந்து நிக்குது. கிழிஞ்ச ஜெல்லுக்குப் பழைய வீடு ஞாபகம் இருக்குமா?"

ஹொன்மா கோட்டை இன்னொரு முறை பார்த்தார். ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனார்கள். வாசலில் பனிக் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்செருப்பு மாட்ட வேண்டும். ஹொன்மாவின் குதிகால் செருப்புக்கு வெளியே நின்றது. உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் குதோ அம்மா. இருபத்தாறு வருடமாக அங்கே உதவியாளர்.

"காலை வெட்டிக்கிட்டு வாங்க தம்பி, இங்க பெரிய செருப்பு கிடையாது."

இயந்திரம் சுவரோரம் இருந்தது. கீழே முன்னும் பின்னும் போய்வரும் தட்டில் ஜெல் இருக்கும். மேலே அசையாமல் நிற்கும் ஒரு நீண்ட இரும்புக் கை, தராசுக் கோல்போல நடுவில் தாங்கப்பட்டிருந்தது. முன்முனையில் கண்ணாடிக் குண்டு, அதன்மேல் 200 கிராம் எடைக்கல். பின்முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைப் பலகை. அதை இறுக்கிய போல்ட்டின் அறுகோணத் தலை நடுவில் துருத்திக்கொண்டிருந்தது.

"இது எடையை அளக்குமா?" என்று தொயோகோ கேட்டார்.

"அளக்காது. உராய்வு விசையை மட்டும் அளக்கும். எடை 200-னு நாம கீபோர்டுல தட்டிக் கொடுக்கணும். அதால வகுத்துக்கும்" என்றாள் சிசாதோ.

"நாம சொன்னதை நம்பற மெஷின்."

"ஆமா."

ஒபாதா வந்தார். மெலிந்த, கோபக்கார மனிதர். டிசம்பர் இருபத்தேழாம் தேதியே மனைவியின் ஊரான ககோஷிமாவுக்குப் போய், ஐந்தாம் தேதிதான் திரும்பினாராம். "பள்ளத்தை அளந்தேன். எண் என்ன சொல்லுச்சோ அதை எழுதினேன். அதுல என் தப்பு என்ன? ஜெல் பொய் சொல்லாது" என்றார்.

"நானும் அதைத்தான் நினைக்கறேன்" என்றார் தொயோகோ. ஒபாதா திகைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்தெட்டாம் தேதியைப் பற்றிக் குதோ அம்மாவிடம் கேட்டார்கள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"வருஷக் கடைசிப் பெருஞ்சுத்தம். எல்லாரும் சேந்து ஜன்னலு, தரை, அலமாரி எல்லாம் கழுவினோம். ரெண்டரைக்கு நான் விருந்துக்கு இடம் பிடிக்கக் கிளம்பிட்டேன். பசங்களும் பின்னாலயே வந்துட்டாங்க. சென்செய் மட்டும் கடைசியா வந்தார். அவர்தானே மோச்சி அரிசி அடை வைக்கணும்."

"அவர்தான் வைப்பாரா?"

"எந்த வருஷமும் அவர் கையாலதான். வருஷம் பூரா உழைச்ச மெஷினுங்களுக்கு நன்றி சொல்லணும்ல? பெரிய வெள்ளை அடை, அதுமேல சின்ன அடை, உச்சியில ஒரு ஆரஞ்சு. நாங்க யாரும் கிட்ட நிக்கமாட்டோம். அது அவருக்கும் மெஷினுக்கும் உள்ள விஷயம்."

"எங்க வைப்பார்?"

"அந்த அலமாரி உச்சியில. வேற எங்க?"

"மூணாம் தேதி ஒன்பது மணிக்கு நான் வந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு" என்றாள் சிசாதோ.

குதோ அம்மா திடீரென்று சிரித்தார். "இந்த வருஷம் அதுல ஒரு கூத்து. பதினொண்ணாம் தேதி சுத்தியலால உடைச்சுப் பயத்தங்கூழ்ல போட்டுத் தின்னோம். பெரிய அடையைத் திருப்பினா அடியில ஆமையோட்டுக் கட்டம்! ஆறு பக்கம், அச்சுல வார்த்த மாதிரி. ஆமைன்னா ஆயுசு, அதிர்ஷ்டம். ஒபாதா சாரே ரெண்டு கிண்ணம் வாங்கித் தின்னார். நான் போட்டோ எடுத்து என் தங்கச்சிக்கு அனுப்பினேன்."

தொயோகோ அந்தப் படத்தைக் கைப்பேசியில் வெகுநேரம் பார்த்தார். காய்ந்து வெடித்த வெள்ளை அடை. அடியில் குழிந்த ஓர் அறுகோணம். பக்கத்தில், உடைக்கும் முன் வைத்த ஆரஞ்சு. பிறகு ஒரு முக்காலியின்மேல் ஏறி அலமாரியின் உச்சியைக் கையால் தடவினார். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது.

இறங்கியதும் குதோ அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கடை அடை?"

பேராசிரியர் குரோய்வா தன் அறையில் அவர்களை மரியாதையாக வரவேற்றார். அறுபத்திரண்டு வயது, வெண்மையான தலை, மெதுவான குரல். இயந்திரத்தைக் கையால் தொட்டு இருபது வருடம் ஆகிவிட்டது என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

"சிசாதோ நல்ல பொண்ணு. ஆனா ஆசை கொஞ்சம் அதிகம். அஞ்சு லட்சமே இந்தத் துறையில பெரிய விஷயம். அவளுக்குப் பத்து வேணும்."

"பத்து வேணும்னு கேட்டது கம்பெனி இல்லையா?"

"கம்பெனி ஆயிரம் கேக்கும்."

"புத்தாண்டுக்கு அப்புறம் நீங்க எப்ப ஆய்வகத்துக்கு வந்தீங்க?"

"ஆறாம் தேதி. அதுவரைக்கும் வீட்டுலதான். பல்கலைக்கழகமே மூடியிருந்துச்சே." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவளுக்காக எவ்வளவோ பண்ணிட்டேன், அம்மா. இதுக்கு மேல என் கையில இல்ல."

அடைக் கடைக்காரர் ஹொன்மாவை ஏற இறங்கப் பார்த்தாராம். பிப்ரவரியில் புத்தாண்டு அடை கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். ஆய்வகத்துக்கு வழக்கமாகப் போகும் அதே அளவில், ஆரஞ்சோடு, ஒன்று செய்து கொடுத்தார். எடை 180 கிராம். தொயோகோ அதைத் தன் அலுவலகத்தில், அறைச் சூட்டில், தராசின்மேல் வைத்தார். அடியில் அதே அளவு போல்ட் ஒன்று.

"மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடையை எழுது."

"ராத்திரியிலயுமா, மேடம்?"

"ராத்திரி தராசு தானே எழுதிக்கும். நீ பகல்ல எழுது. கை வெச்சுத் தின்னுடாதே."

"இதையா? ரெண்டு நாள்ல இதை வெச்சு ஆளைக் கொல்லலாம்."

ஐந்து நாள், பதினாறு மணி நேரம் கழித்து எடை 152 கிராம். ஹொன்மா எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டார். அதைச் சிசாதோவின் வரைபடத்தின்மேல் தலைகீழாக வைத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், நம்ம ஒபாதா…"

"அவர் கூழ் தின்னார். அவ்வளவுதான்."

அன்று மாலை தொயோகோ சிசாதோவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிறகு இரண்டாம் முறையாகக் கேட்டார்: "அந்த அரை மணி நேரத்தை யார் வெட்டச் சொன்னா?"

"நானேதான்" என்றாள் சிசாதோ. "பதினெட்டு வயசுல சாயப் பட்டறை வேலைக்குப் போக இருந்தேன். சென்செய்தான் அம்மாகிட்ட வந்து பேசி என்னைப் படிக்க வெச்சார். தயவுசெஞ்சு அதைக் கேக்காதீங்க."

இருபதாம் தேதி காலை பத்து மணி. குழுவில் ஐந்து பேர். எதிரே குரோய்வா, ஒபாதா, குதோ அம்மா. ஓரத்தில் தனி நாற்காலியில் சிசாதோ. ஹொன்மா தராசையும் காய்ந்த அடையையும் மேஜைமேல் வைத்தபோது குழுத் தலைவர் முகம் சுளித்தார்.

"இகராஷி-சான், பொங்கிப்போட வந்தீங்களா?"

"இல்ல. இதே மாதிரி இன்னொண்ணை இங்க இருக்கற நாலு பேர் தின்னுட்டாங்க. அதுதான் இந்த வழக்கோட ஒரே சாட்சி."

தொயோகோ எழுந்து நின்று பேசினார்.

"இந்தப் பொண்ணு துண்டை மாத்தியிருந்தா சரிவு வரும், ஒத்துக்கறேன். ஆனா புது ஜெல்லும் அதே ஜெல்தான். அதே எடைக்குப் பத்துல ஒரு பங்கு உராய்வு எப்படி வரும்? ஜெல் மாறல. எடை மாறியிருக்கு. மெஷின் எடையை அளக்காது, நாம சொன்னதை நம்பும். இந்தக் கையோட பின்முனையில 180 கிராம் வெச்சா, முன்முனையில ஜெல் மேல மிஞ்சறது 20 கிராம். 200-ல பத்துல ஒரு பங்கு."

"யார் வெப்பா அங்க?" என்றார் ஒபாதா.

"டிசம்பர் இருபத்தெட்டுல அடை மெத்துன்னு இருக்கும். எதுமேல வெச்சாலும் அச்சை வாங்கிக்கும். அப்புறம் கல்லாயிடும். அலமாரி உச்சி வழவழன்னு இருக்கு. ஆனா அடையோட அடியில ஆமையோடு." அவர் காய்ந்த அடையைத் திருப்பினார். அறுகோணக் குழி. பக்கத்தில் குதோ அம்மாவின் தங்கைக்குப் போன படம். "பின்முனைப் பலகையோட போல்ட். மூணு மணிக்கு அடை அங்க உக்காந்துச்சு. அப்புறம் காஞ்சுது. காயக் காய எடை குறையும். எடை குறையக் குறைய ஜெல் மேல பாரம் ஏறும். 180 கிராம் 152 ஆச்சு. 20 கிராம் 48 ஆச்சு. பத்துல ஒரு பங்கு கால் பங்காச்சு. இது ஜெல்லோட கோடு இல்ல. அரிசி மாவு காயற கோடு."

ஹொன்மா இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடுகள் பொருந்தின.

ஒபாதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப அந்தப் பள்ளம்… முழுப் பாரத்துல அஞ்சு லட்சத்து ஏழாயிரத்து அறுநூறு. மிச்சம் சும்மா தடவிக் கொடுத்திருக்கு."

"நீங்க சரியாத்தான் அளந்தீங்க. ஜெல் பொய் சொல்லல."

"அப்படின்னா இது விபத்து" என்றார் தலைவர், நிம்மதியோடு.

"வெச்சது விபத்து. கெட்ட எண்ணம்கூட இல்ல. இந்தப் பொண்ணோட மெஷினுக்கு நல்லது நடக்கட்டும்னு இந்த வருஷம் அலமாரியை விட்டுட்டு மெஷின் மேலயே வெச்சிருக்காங்க. எடுத்தது விபத்து இல்ல. ஜனவரி மூணு, காலைல ஏழு இருபத்தொண்ணுக்கு, மெஷின் ஓடிட்டிருக்கும்போது ஒருத்தர் அதை எடுத்து அலமாரி உச்சியில வெச்சார். எடுத்த நொடியில கோடு எழும்பறதைத் திரையில பாத்திருப்பார். என்ன நடந்துச்சுன்னு அவருக்கு அப்பவே தெரியும். ஏழு வாரமா தெரியும்."

குரோய்வா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ வெச்சிருக்கலாம்" என்றார் மெதுவாக. "நான் வெச்சது அலமாரியில. அன்னைக்குப் பெருஞ்சுத்தம். ஆளுங்க எதையாவது இடம் மாத்துவாங்க."

குதோ அம்மா எழுந்தார். முழங்கால் நாற்காலியில் இடித்தது. இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"நான்தான். மன்னிச்சுக்குங்க. வயசாச்சு, ஞாபகம் இல்ல. நான்தான் மெஷின் மேல வெச்சிருப்பேன். நான்தான் எடுத்தும் வெச்சிருப்பேன்."

"மெஷினோட இரும்புக் கையில எந்தப் பக்கம் வெச்சீங்க, குதோ அம்மா?"

"முன்பக்கம். எடைக்கல் மேல."

"முன்பக்கம் வெச்சிருந்தா பாரம் ஏறியிருக்கும். கோடு மேல போயிருக்கும்." தொயோகோவின் குரல் இறங்கியது. "உக்காருங்க. நீங்க ரெண்டரைக்கே போயிட்டீங்க."

குதோ அம்மா உட்காரவில்லை. குனிந்தபடியே குரோய்வா பக்கம் பார்த்தார். இருபத்தாறு வருடம் தேநீர் வைத்துக் கொடுத்த மனிதர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குதோ-சான் இவ்வளவு சொல்றப்ப" என்றார், "அவங்க மனசைப் புண்படுத்த வேண்டாமே. குழு இதைத் தவறுதல்னு எடுத்துக்கலாம். சிசாதோ அடுத்த வருஷம் திரும்ப எழுதட்டும். கடைசி அரை மணி நேரத்தை அவ வெட்டினது மட்டும் குத்தம்தான். அதுக்கு என்ன பண்றதுன்னு நீங்க பாத்துக்குங்க."

தலைவர் பேனாவை எடுத்தார். தொயோகோ சிசாதோவின் பக்கம் திரும்பினார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

சிசாதோ எழுந்தாள். குதோ அம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"மூணாம் தேதி ஒன்பதே காலுக்கு நான் உங்களுக்கு போன் பண்ணேன், சென்செய். பத்து லட்சம் முடிஞ்சுதுன்னு மட்டும்தான் சொன்னேன். நான்கூட அதுவரைக்கும் கோட்டைத் திறந்து பாக்கல. நீங்கதான் சொன்னீங்க, 'கடைசி அரை மணி நேரத்தை வெட்டிடு'ன்னு."